குடல் பாலிப் ரிப்போர்ட்டில் ‘புற்றுநோயா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலனோஸ்கோப்பி செய்து, பெருங்குடலின் உட்சுவரில் முளைத்திருந்த பாலிப் என்ற சதை வளர்ச்சியை எடுத்து, பயாப்ஸிக்கு அனுப்பியிருப்பார்கள். சாதாரணக் கட்டி என்றோ புற்றுநோய் என்றோ பதில் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு இரண்டுமில்லாத ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்தால் தலை சுற்றும். ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட் எழுதும் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில், இதுபற்றி நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இந்தச் சந்தேகம் நோயில் இருப்பதில்லை, எங்கள் கைக்கு வந்த திசுவில் இருக்கிறது. அதனால், இந்த ஒரு காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு குடலை வெட்டவும் கூடாது, இதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது.

பெருங்குடலில் எதைத்தான் புற்றுநோய் என்கிறீர்கள்?

குடல் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உள்பக்கம் மலம் பட்டுப் போகும் மேற்படலம் மியூக்கோசா. அதன் அடியில் முடி போன்ற மெல்லிய ஒரு தசைக்கோடு உண்டு. அதற்கும் கீழே தளர்வான இணைப்புத் திசு, அதுதான் சப்மியூக்கோசா. ரத்த நாளங்களும் நிணநீர்க் குழாய்களும் அங்கேதான் நிறைய ஓடுகின்றன. அதற்கு அடுத்தது குடலைச் சுருங்கி விரிய வைக்கும் தடித்த தசை.

பாலிப்பில் உள்ள செல்கள் எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும், அந்த மெல்லிய தசைக்கோட்டைத் தாண்டாதவரை உடலில் வேறிடத்துக்குப் பரவும் வாய்ப்பு அநேகமாக இல்லை. பெருங்குடலின் மேற்படலத்தில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதுதான் காரணம். இரைப்பையில் அப்படியில்லை. அங்கே மேற்படலத்துக்குள் அடங்கிய புற்றுநோய்கூடச் சில சமயம் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விடும். ஆகவே பெருங்குடலைப் பொறுத்தவரை நாங்கள் தேடுவது ஒன்றே ஒன்று: அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, இல்லையா? ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் தயக்கம் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான்.

‘ஹை கிரேடு டிஸ்பிளேசியா’ என்று எழுதியிருக்கிறார்கள். புற்றுநோயை மென்மையாகச் சொல்கிறார்களா?

இல்லை. அடினோமா வகைப் பாலிப்பில் செல்கள் மாறத் தொடங்கியிருக்கும். இந்த மாற்றத்துக்குத்தான் டிஸ்பிளேசியா என்று பெயர். மாற்றம் குறைவாக இருந்தால் லோ கிரேடு, அதிகமாக இருந்தால் ஹை கிரேடு. ஹை கிரேடு என்றால் புற்றுநோய்க்கு முந்தைய கட்டத்தின் கடைசிப் படிகளில் இருக்கிறது என்று பொருள். முழுவதும் எடுத்தாகிவிட்டால் அங்கேயே முடிந்தது.

குழப்பம் வருவது இன்னொரு பெயரால். சில ரிப்போர்ட்டுகளில் ‘இன்ட்ராமியூக்கோசல் கார்சினோமா’ என்று இருக்கும். ‘கார்சினோமா’ என்ற சொல்லைப் பார்த்ததும் வீடே இழவு வீடாகிவிடுகிறது. மேற்படலத்துக்குள்ளேயே செல்கள் ஊடுருவத் தொடங்கியிருக்கின்றன, தசைக்கோட்டைத் தாண்டவில்லை என்பதுதான் இதன் பொருள். ஸ்டேஜ் போடும்போது டிஐஎஸ் (Tis), அதாவது பூஜ்யக் கட்டம். சிகிச்சை அளவில் இதற்கும் ஹை கிரேடு டிஸ்பிளேசியாவுக்கும் வித்தியாசம் இல்லை.

ஒரே ஸ்லைடை ஜப்பானியர் ‘கார்சினோமா’ என்றும் மேற்கத்தியர் ‘டிஸ்பிளேசியா’ என்றும் படித்த வரலாறு உண்டு. இதைத் தீர்க்க 1998இல் வியன்னாவில் கூடினார்கள். 12 நாடுகளைச் சேர்ந்த 31 நோயியல் வல்லுநர்கள் உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் மாதிரிகளைப் பார்த்தார்கள். அதில் 20 பெருங்குடல் மாதிரிகள். பழைய பெயர்களை வைத்துப் பார்த்தபோது, அவற்றில் பாதியில்கூட இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. அதன்பின் ஐந்து பிரிவுகள் கொண்ட பொது வகைப்பாடு ஒன்றை உருவாக்கி 2000இல் வெளியிட்டார்கள். அந்த ஐந்தில் இரண்டாவது பிரிவே ‘டிஸ்பிளேசியா உண்டா இல்லையா என்று உறுதியில்லை’ என்பதுதான். தெரியவில்லை என்று எழுதுவதற்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட இடம் உண்டு. உங்கள் டாக்டர் கைகழுவிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

பயாப்ஸி எடுத்த பிறகும் ஏன் தெரியவில்லை?

பயாப்ஸி இடுக்கி கிள்ளி எடுப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கு. பாலிப் மூன்று சென்டிமீட்டர் இருக்கலாம். கிள்ளிய துணுக்கில் மேற்படலம் மட்டும் வந்து, சப்மியூக்கோசா வராமலே போய்விடுவது மிகச் சாதாரணம். தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடமே ஸ்லைடில் இல்லாதபோது, தாண்டவில்லை என்றும் எழுத முடியாது, தாண்டியது என்றும் எழுத முடியாது. ‘குறைந்தபட்சம் ஹை கிரேடு டிஸ்பிளேசியா’, ‘ஊடுருவலை மதிப்பிட இயலவில்லை’ என்ற வரிகள் இப்படித்தான் வருகின்றன. இதில் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உள்ளே இதைவிட மோசமானது இருக்கலாம், கிள்ளிய இடத்தில் இவ்வளவுதான் தெரிந்தது என்கிறார்கள்.

இதற்கு மருந்து, இன்னும் நாலு துணுக்கு கிள்ளுவதல்ல. திரும்பத் திரும்பக் கிள்ளினால் அடியில் தழும்பு விழும். பிறகு பாலிப்பின் கீழே திரவம் செலுத்தி உயர்த்தி எடுக்கும்போது அது உயராமல் அடம்பிடிக்கும். எண்டோஸ்கோப்பியிலேயே எடுத்திருக்க வேண்டியது ஆபரேஷனில் போய் முடியும். எடுக்கக்கூடிய பாலிப் என்றால் முழுதாக எடுத்து அனுப்புவதுதான் சரியான பயாப்ஸி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எண்டோஸ்கோப்பி செய்தவர் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

ஓரளவு முடியும். பாலிப்பின் மேற்பரப்பில் இருக்கும் நுண்துளைகளின் அமைப்பை வைத்து வகைப்படுத்தும் முறையை ஜப்பானிய மருத்துவர் குடோ உருவாக்கினார். சிறப்பு ஒளியில் பார்க்கும்போது துளைகளின் அமைப்பே அழிந்து, ரத்த நாளங்கள் தாறுமாறாக இருந்தால் ஆழமாக ஊடுருவியிருக்க வாய்ப்பு அதிகம். அனுபவமுள்ள கண்ணுக்கு இது பெரிய உதவி. ஆனால் கடைசி வார்த்தை நுண்ணோக்கியுடையது.

சி.டி. ஸ்கேன் இந்தக் கேள்விக்கு உதவாது. ஒரு மில்லிமீட்டர் ஆழ வித்தியாசம் அதில் தெரியாது. ரத்தத்தில் பார்க்கும் சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவும் அப்படியே. நார்மலாக வந்தது என்று நிம்மதியடைந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முழுப் பாலிப்பையும் எடுத்து அனுப்பியாயிற்று. இன்னுமா சந்தேகம்?

எங்களைத் திணறடிப்பது இந்த நிலைமைதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு முன்னால் ‘எஸ்’ போல வளைந்த சிக்மாய்டு இருக்கிறது. குறுகலான இடம், தசை பலமாக இறுக்கும் இடம், மலம் கெட்டிப்பட்டுப் போகும் இடம். அங்கே காம்போடு கூடிய காளான் மாதிரி ஒரு பெரிய பாலிப் தொங்கினால், ஒவ்வொரு முறையும் இழுபடும், முறுக்கிக்கொள்ளும், உள்ளுக்குள் ரத்தம் கசியும். முறுக்கும் அழுத்தமும் சேர்ந்து மேலே இருக்க வேண்டிய சுரப்பிகளைத் தசைக்கோட்டுக்குக் கீழே தள்ளிவிடும். செல்கள் தாமாக ஊடுருவிப் போகவில்லை, தள்ளப்பட்டிருக்கின்றன. இதைப் போலி ஊடுருவல் என்கிறோம். ஸ்லைடில் பார்த்தால் சப்மியூக்கோசாவில் அடினோமா சுரப்பிகள். புற்றுநோய்க்கு நாங்கள் வைத்திருக்கும் இலக்கணமும் கிட்டத்தட்ட அதுதான்!

பிரித்துப் பார்க்கும் வழி உண்டு. தள்ளப்பட்ட சுரப்பி தனியாகப் போகாது, தன்னைச் சுற்றியிருந்த மேற்படலத் திசுவையும் கூட இழுத்துக்கொண்டு போயிருக்கும். வட்டமாக, கும்பலாக, ஒழுங்கான விளிம்போடு இருக்கும். சுற்றிலும் பழைய ரத்தக்கசிவின் இரும்புச்சத்து பழுப்பு நிறத் துகள்களாகத் தெரியும். சில சமயம் சுரப்பி உடைந்து சளி மட்டும் குளமாகத் தேங்கியிருக்கும். உண்மையான ஊடுருவலில் சுரப்பிகள் கோணல்மாணலாக, கூர்முனைகளோடு, சுற்றுத்திசுவைக் கெட்டிப்படுத்திக்கொண்டு இறங்கும். உடன்வந்த மேற்படலத் திசு இருக்காது.

எழுத்தில் இது தெளிவாக இருக்கிறது. ஸ்லைடில் அப்படி இருக்காது. தள்ளப்பட்ட சுரப்பியில் ஹை கிரேடு மாற்றமும் இருந்து, பக்கத்தில் பழைய புண் ஆறிய தழும்பும் இருந்து, எடுக்கும்போது மின்சாரக் கம்பி சுட்ட கருகலும் சேர்ந்துவிட்டால், முப்பது வருட அனுபவசாலிகள் இருவர் எதிரெதிராகச் சொல்வார்கள். போலி ஊடுருவலும் உண்மையான ஊடுருவலும் ஒரே பாலிப்பில் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

இங்கிலாந்தில் 2006இல் குடல் புற்றுநோய்க்கான பரிசோதனைத் திட்டம் தொடங்கிய பிறகு இந்தப் பிரச்சினை பெரிதாக வெடித்தது. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் சோதனை அது. ரத்தம் கசியும் பாலிப்பைத்தான் அது அதிகம் பிடிக்கும். முறுக்கிக்கொண்டு ரத்தம் கசியும் சிக்மாய்டு பாலிப்பில்தான் போலி ஊடுருவலும் அதிகம். அதனால் ஆய்வகங்களில் இப்படிப்பட்ட ஸ்லைடுகள் குவிந்தன. கடைசியில் இதற்கென்றே மூத்த குடல் நோயியல் வல்லுநர்கள் மூவர் கொண்ட குழு அமைத்து, சந்தேகமான ஸ்லைடுகளை நாடு முழுவதிலிருந்தும் அங்கே அனுப்பினார்கள். அந்த மூவருக்குள்ளும் கருத்து வேறுபாடு வந்ததுண்டு. உங்கள் ஊர் லேபில் ஒருவர் தனியாக உட்கார்ந்து தயங்குவதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

சந்தேகத்தைத் தீர்க்க என்னென்ன செய்யலாம்?

முதலில், திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் அதே பாரஃபின் பிளாக்கிலிருந்து இன்னும் ஆழமாகச் சீவி அதிக ஸ்லைடுகள் போடச் சொல்லலாம். ஒரு சீவல் சில மைக்ரான் தடிமன்தான், ஆகவே பிளாக்கில் பார்க்காத பகுதி ஏராளமாக மிச்சமிருக்கும். அடுத்து, டெஸ்மின் என்ற சாயச் சோதனை தசையை மட்டும் பழுப்பாக்கிக் காட்டும். தசைக்கோடு எங்கே அறுந்திருக்கிறது, எங்கே வெறுமனே விலகியிருக்கிறது என்று அதில் ஓரளவு தெரியும். டி2-40, சிடி31 போன்றவை நாளங்களுக்குள் செல்கள் புகுந்திருக்கின்றனவா என்று பார்க்க உதவும்.

இதற்கெல்லாம் மேலாக, இன்னொரு ஜோடிக் கண். செகண்ட் ஒப்பீனியன் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். இந்த விஷயத்தில் நாங்களே சக வல்லுநரிடம் ஸ்லைடைக் காட்டாமல் கையெழுத்துப் போடுவதில்லை. குடல் நோயியலில் அதிகம் பழகியவரிடம் போவது முக்கியம். ரிப்போர்ட் நகல் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பயனில்லை. ஸ்லைடுகள், பாரஃபின் பிளாக், கொலனோஸ்கோப்பி படங்கள், எந்த இடத்தில் எவ்வளவு பெரிய பாலிப், ஒரே துண்டாக எடுத்தார்களா என்ற குறிப்பு, எல்லாம் வேண்டும். பிளாக்கை ஆய்வகத்தில் எழுதிக்கொடுத்து வாங்கலாம். வெயிலில் வைத்தால் மெழுகு உருகிவிடும், காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியில் ‘ஊடுருவியிருக்கிறது’ என்று முடிவானால் குடலை வெட்டித்தான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. சப்மியூக்கோசா வரை மட்டும் போன புற்றுநோய் டி1 (T1). டி1 எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். ஆனால் இந்தச் சராசரியை உங்கள் தலையில் அப்படியே ஏற்றிக்கொள்ளக் கூடாது. ஆபத்தான அறிகுறி ஒன்றும் இல்லாத பாலிப்பில் வாய்ப்பு மிகக் குறைவு, பல அறிகுறிகள் சேர்ந்திருந்தால் அதிகம்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள் இவை. வெட்டிய விளிம்புக்கும் புற்றுநோய்க்கும் இடையே ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா? செல்கள் மிகவும் உருக்குலைந்த வகையா? ரத்த நாளம், நிணநீர்க் குழாய்களுக்குள் செல்கள் புகுந்திருக்கின்றனவா? புற்றுநோய் இறங்கும் முன்முனையில் செல்கள் ஒன்றிரண்டாகப் பிரிந்து சிதறுகின்றனவா? இதை மொட்டுவிடுதல் என்கிறோம். இதை எண்ணும் முறையை 2016இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி ஒழுங்குபடுத்தினார்கள். அதிகம் மொட்டுகள் உள்ள 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 5க்குக் கீழே இருந்தால் குறைவு, 10ம் அதற்கு மேலும் அதிகம். ஆழமும் முக்கியம். தட்டையான பாலிப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் ஜப்பானியர் எச்சரிக்கையாகிறார்கள். காம்புள்ள பாலிப்புக்கு ஹேகிட் என்பவர் 1985இல் வகுத்த நிலைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: தலை, கழுத்து, காம்பு வரை 1 முதல் 3, காம்புக்குக் கீழே குடல் சுவருக்கே வந்துவிட்டால் 4.

உங்கள் ரிப்போர்ட்டில் இந்த விவரங்கள் இல்லாமல் ‘புற்றுநோய்’ என்று மட்டும் இருந்தால், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். குறிப்பாக மலக்குடலின் அடிப்பகுதியில் இருந்த பாலிப் என்றால். அங்கே ஆபரேஷன் என்பது சிலருக்கு வயிற்றில் பை வைப்பதில் போய் முடியும். அவ்வளவு பெரிய முடிவை ஒருவர் ஒரு முறை பார்த்த ஸ்லைடின் மேல் எடுப்பது நியாயமில்லை. எண்பது வயது, இதயக் கோளாறு என்றால் ஆபரேஷனின் ஆபத்தே பரவியிருக்கும் வாய்ப்பைவிட அதிகமாகிவிடலாம். அப்போது கவனமாகக் கண்காணிப்பதும் நேர்மையான சிகிச்சைதான்.

துண்டு துண்டாக எடுத்ததாகச் சொன்னார்கள். அதனால் பிரச்சினையா?

ரிப்போர்ட்டுக்குப் பிரச்சினைதான். எந்தத் துண்டின் எந்தப் பக்கம் உண்மையான விளிம்பு என்று எங்களுக்குத் தெரியாது. ‘விளிம்பை மதிப்பிட இயலவில்லை’ என்று எழுதுவதைத் தவிர வழியில்லை. சந்தேகத்துக்கு இடமான பெரிய பாலிப்பை ஒரே துண்டாகச் சீவி எடுக்கும் இ.எஸ்.டி. முறை இதற்காகத்தான் ஜப்பானில் வளர்ந்தது. எடுத்ததைத் தக்கையில் ஊசி குத்தி விரித்து ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் பாதிச் சந்தேகம் வராமலே போகும். சுருண்டு உருண்டையாக வந்தால் எந்த வெட்டும் கோணலாகத்தான் விழும். 2 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பாலிப்பைத் துண்டுகளாக எடுத்திருந்தால், ஆறு மாதத்தில் அந்த இடத்தை மறுபடி பார்க்கச் சொல்வது வழக்கம்.

‘செசைல் செரேட்டட் லீஷன்’ என்றால்?

வலதுபக்கப் பெருங்குடலில் தட்டையாக, சளி போர்த்திக்கொண்டு இருக்கும் வகை. சுரப்பிகள் ரம்பப் பல் போலத் தெரியும். ஆபத்தில்லாத ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பும் இதே ஜாடைதான், அதனால் இரண்டுக்கும் நடுவே தடுமாற்றம் வரும். 2019இல் வந்த உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டின்படி, அடிப்பகுதி தெளிவாக உருமாறிய ஒரே ஒரு சுரப்பி இருந்தால் போதும், செசைல் செரேட்டட் என்றே எழுதலாம். இது புற்றுநோய் அல்ல. ஆனால் விட்டுவைக்கக் கூடாதது.

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி) உண்டு. ‘இன்டெஃபினிட் ஃபார் டிஸ்பிளேசியா’ என்று வந்திருக்கிறது.

இது வேறு வகைச் சந்தேகம். அழற்சியில் வெந்த செல்களும் ஆறிவரும் செல்களும் டிஸ்பிளேசியா மாதிரியே தோற்றம் காட்டும். முதலில் மருந்தால் அழற்சியை அடக்கி, பிறகு சில மாதங்களில் மறுபடி பயாப்ஸி எடுத்தால் பல சமயம் படம் தெளிவாகிவிடும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாமல் மறு பயாப்ஸிக்குப் போவதில் பயனில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டி37.4’ (D37.4) என்று ஒரு குறியீடு இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

நோய்களுக்குக் குறியீடு தரும் ஐசிடி-10 பட்டியலில் டி37.4 என்றால் ‘பெருங்குடலில் போக்கு உறுதியற்ற வளர்ச்சி’. சாதாரண அடினோமாவுக்கு டி12, மேற்படலத்துக்குள் அடங்கியதற்கு டி01.0, ஊடுருவிய புற்றுநோய்க்கு சி18. நுண்ணோக்கியில் பார்த்தும் முடிவுக்கு வர இயலாதபோதுதான் டி37.4 போட வேண்டும். ரிப்போர்ட் வருமுன்னே அவசரத்தில் போட்டுவிடுவதும் நடக்கிறது, ஆகவே ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தாவிட்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

இந்தியாவில், கடும் நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை தரும் ‘கிரிட்டிகல் இல்னெஸ்’ பாலிசிகள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த புற்றுநோய் வரையறையைப் பின்பற்றுகின்றன. அதில் ஊடுருவாதது, புற்றுநோய்க்கு முந்தையது, எல்லைக்கோட்டில் இருப்பது, போக்கு தெரியாதது எல்லாம் விலக்கப்பட்டிருக்கின்றன. மொத்தத் தொகை கிடைக்காது. சாதாரண மருத்துவக் காப்பீடு வேறு. அதில் பாலிப் அகற்றிய செலவுக்கு, பாலிசி விதிகளைப் பொறுத்து, கோரலாம்.

கீமோதெரபி தேவைப்படுமா?

தசைக்கோட்டைத் தாண்டாததற்குத் தேவையில்லை. போலி ஊடுருவலுக்கும் இல்லை. நிணநீர்க் கணுவுக்குப் போகாத டி1க்கும் பொதுவாக இல்லை.

அடுத்த கொலனோஸ்கோப்பி எப்போது?

ஹை கிரேடு டிஸ்பிளேசியா உள்ள அடினோமாவை முழுதாக எடுத்திருந்தால் மூன்று வருடம் என்பது 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். சந்தேகம் தீராமல் கண்காணிப்பை மட்டும் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது பொருந்தாது, முதல் பரிசோதனை சில மாதங்களிலேயே இருக்கும். எடுத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஊசியால் கரிய மை செலுத்திப் பச்சை குத்திவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால், ஒன்றரை மீட்டர் குடலில் ஆறிப்போன தழும்பைத் தேடுவது பெரும்பாடு.

அண்ணன், தங்கை, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள அடினோமா அல்லது ஹை கிரேடு மாற்றம் இருந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு 40 வயதில், அல்லது உங்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, இரண்டில் எது முந்தியதோ அப்போது பரிசோதனை தொடங்கச் சொல்கிறார்கள். மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம் இருந்தால் வயதுக்காகக் காத்திருக்க வேண்டாம், மூலமாக இருக்கும் என்று நாமே முடிவு கட்டவும் வேண்டாம். குடும்பத்தில் இளவயதில் பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்தப் புற்றுநோய்கள் பரம்பரையாக வரக் காரணமான லிஞ்ச் சிண்ட்ரோமுக்கான மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவர் பார்ப்பார். டாக்டரைப் பார்க்கப் போகும் உறவினர் கையில் உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள்.